பருக்கை

பூனையா உள்ள? அப்ப கூடைய இந்தப் பக்கமா, உங்க கால்கிட்ட வச்சுக்குங்கம்மா. ஜாங்கிரி ஒண்ணும் செய்யாது. பூனையப் பார்த்தா மூஞ்சியத் திருப்பிக்கும், அவ்வளவுதான். ஆமா, பேரு ஜாங்கிரிதான். நான் வைக்கலை, என் தம்பி வச்சான். வாலு சுருண்டிருக்கில்ல, அதனாலயாம். சர்க்கரை வியாதிக்காரன், வாயில வைக்க முடியாததை நாய்க்குப் பேரா வச்சுக் கூப்பிட்டுக்கிட்டுத் திரிஞ்சான். தெருவுல நின்னு 'ஜாங்கிரி, ஜாங்கிரி'ன்னு அவன் கத்தறப்ப எனக்கு மானம் போகும். இப்ப நான்தான் கத்திக்கிட்டிருக்கேன்.

குட்டிக்கு என்ன, வயிறு இவ்வளவு உப்பியிருக்கு? பால் அதிகமாயிடுச்சுன்னு நினைக்கிறீங்களா. இல்லைம்மா, பூச்சியா இருக்கும். உடம்பு குச்சியா இருந்து வயிறு மட்டும் பானையா இருந்தா அனேகமாப் பூச்சிதான். டாக்டரம்மா பார்த்ததும் சொல்லிடுவாங்க, மருந்து குடுத்தா சரியாப் போயிடும். பயப்படாதீங்க. இந்த மாட்டாஸ்பத்திரி பெஞ்சியில உட்கார்ந்து உட்கார்ந்து நானும் பாதி டாக்டராயிட்டேன். இதெல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா என் வீடு ரெண்டாப் போயிருக்காது.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். ஒரு நாய் வயித்துப் புழுவால என் வீடு ரெண்டாப் போச்சு. இன்னைக்கு வரிசை நகர்ற மாதிரியும் தெரியலை. கேளுங்க.

நாங்க மூணு பேரு. நான் வைத்திலிங்கம், மூத்தவன். அடுத்தது தங்கச்சி தையல்நாயகி, பட்டுக்கோட்டையில கட்டிக்குடுத்திருக்கு. கடைசி முத்துக்குமரு. குமரு கல்யாணம் பண்ணிக்கலை. மோட்டாருக்குக் காயில் கட்டற வேலை. நல்ல வேலைக்காரன், கும்பகோணத்துல எரிஞ்சுபோன மோட்டார்ல பாதி அவன் கைக்குத்தான் வரும். எனக்குக் கல்யாணம் ஆச்சு, அவ போய்ச் சேர்ந்துட்டா, பிள்ளை குட்டி இல்லை. அதுக்கப்புறம் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுலதான். சமையல் நான். பெருக்கித் துடைக்கிறது நான். துணி துவைச்சு மடிக்கிறது நான். அவனுக்கு ஒரு வேலையும் கிடையாது, சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போயிட்டு வரணும், அவ்வளவுதான்.

அவனுக்குச் சர்க்கரை வந்துச்சு. டாக்டர் சோத்தைக் குறைக்கச் சொன்னார். குமருவுக்குச் சோறுன்னா உசிரு. சின்ன வயசுல அம்மா வடிச்சுக் கொட்டினதும் வெறும் சோத்தையே உப்புப் போட்டுச் சாப்பிடுவான். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பினதும் இவன் பழையபடி ஆரம்பிச்சுடுவான்னு எனக்குத் தெரியாதா? அதனால பொறுப்ப நான் எடுத்துக்கிட்டேன். வேற யாரு எடுத்துப்பா? காலையில இட்லி, மத்தியானம் கோதுமை ரவை, ராத்திரிக்குக் கேழ்வரகு அடை. என் தட்டுல மட்டும் சோறு. எனக்குத்தான் சர்க்கரை இல்லையே. அவன் எதிர்ல உட்கார்ந்து என் தட்டையே பார்த்துக்கிட்டு ரவைய உருட்டுவான். 

அப்பத்தான் இது வந்து சேர்ந்துச்சு. மழையில கடை வாசல்ல கிடந்துச்சுன்னு குட்டியாத் தூக்கிக்கிட்டு வந்தான். நான் வேண்டாம்னுதான் சொன்னேன். உங்களுக்கு என்னைப் பத்தித் தெரியாது, என் வீட்டுத் தரையில நீங்க இலை போடாமச் சாப்பிடலாம். அந்த வீட்டுக்குள்ள நாயி. சரி, வாசலோட இருக்கட்டும்னேன். வாசல்ல இருந்து கூடம், கூடத்துல இருந்து அவன் ரூமு, ரூமுல இருந்து அவன் மெத்தைக்கே போயிடுச்சு. அவன் காலடியில சுருண்டு படுத்துக்கும். 'அண்ணே, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்'பான். நானும் போனாப் போகுதுன்னு விட்டேன். விட்டுக்குடுக்கிறதே என் சுபாவம்.

ஒரு நாள் காலையில அவன் போர்வைய உதறறேன், பொலபொலன்னு என்னமோ உதிருது. எடுத்துப் பார்த்தா பருக்கை.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். நான் ஆயுசு பூரா அரிசி ஆலையில தரம் பார்த்தவன். ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில பரப்பினாப் போதும், என்ன நெல்லு, எப்படி அவிச்சது, நொய் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எல்லாம் சொல்லிடுவேன். முதலாளி மாறினாங்க, மேனேஜர் மாறினாங்க, நான் சொன்ன தரத்தை ஒருத்தனும் மாத்தினதில்லை. அப்படிப்பட்ட கண்ணு. அந்தக் கண்ணால பார்த்துச் சொல்றேன், அது வெந்து காஞ்ச பருக்கை. அதுவும் பச்சரிசிப் பருக்கை. புழுங்கல் காஞ்சா கண்ணாடி மாதிரி ஆகும். இது வெள்ளையா, மங்கலா, சின்னதா இருந்துச்சு.

எங்க வீட்டுல பச்சரிசிச் சோறே வடிக்கிறதில்லை. அப்ப என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. பய வெளியில வாங்கிட்டு வந்து, நான் தூங்கினப்புறம் படுக்கையில உட்கார்ந்து திங்கறான். தயிர்சாதமோ, பொங்கலோ.

கேட்டேன். 'இல்லண்ணே'ன்னான்.  இல்லைன்னா என்ன? அப்ப இது எங்கேருந்து வந்துச்சுன்னு விளக்க வேண்டாமா? 'தெரியலையேண்ணே, எறும்பு ஏதாவது கொண்டுவந்து போட்டிருக்கும்'ங்கறான். எறும்பு கட்டில் ஏறி மெத்தையில கொண்டுவந்து போடுதாம். எனக்கு இன்னும் கோபம் வந்துச்சு. நான் கோபக்காரன் இல்லை, ஆனா என்னை முட்டாளாக்கினா தாங்க மாட்டேன்.

விசாரிச்சேன். அவன் கடைக்குப் பக்கத்து மெஸ்ஸுல போய்க் கேட்டேன், கோயில் மடப்பள்ளியில கேட்டேன், முக்குல பொட்டலம் கட்டி விக்கற அம்மாகிட்ட கேட்டேன். யாரும் குடுக்கலைன்னாங்க. எல்லாரையும் சரிக்கட்டி வச்சிருக்கான்னு நினைச்சேன். அந்தப் பொட்டலக்கார அம்மா, 'அம்பது தாண்டின மனுஷனை இப்படியா வேவு பார்ப்பீங்க'ன்னு என்னைக் கேட்குது. வேவு இல்லம்மா, அக்கறை. அது அவங்களுக்குப் புரியலை.

தினமும் போர்வைய உதறறேன், தினமும் நாலஞ்சு விழுது. சில நாள் தலையணை உறை மேலயே ஒட்டிக்கிட்டிருக்கும். அவ்வளவு துணிச்சல். இந்த நாய் வேற, கெட்ட பழக்கம், பின்பக்கத்தைத் தரையில வச்சுத் தேய்ச்சுக்கிட்டே கூடம் முழுக்க ஊர்கோலம் போகும். துடைச்ச தரையில. விளக்குமாத்தால ரெண்டு போடுவேன். அதுக்கும் குமரு மூஞ்சியத் தூக்குவான். நாய்க்கு எதுக்கு அரிக்குதுன்னு அவனாவது யோசிச்சானா? அவனோட நாய்தானே? அத இப்ப யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. எல்லாரும் என்னையே கேக்கறாங்க.

சரி. அவன் களவாச் சோறு திங்கறான்னு ஆயிடுச்சு. அப்ப நான் என்ன செய்யணும்? அங்க ஏறினதை இங்க குறைக்கணும். கணக்கு நேரானதுதானே. காலையில இட்லியப் பாதியாக்கினேன். மத்தியானம் ரவைய நிறுத்திட்டு மோரும் வெள்ளரிக்காயும் டப்பாவுல வச்சேன். அரிசி டிரம்முக்குப் பூட்டுப் போட்டேன். மாத்திரைய மட்டும் நிறுத்தலை. அதுல நான் கறார். வாயத் திறன்னு சொல்லிப் போட்டுவிட்டுத் தண்ணி குடுத்து அனுப்புவேன்.

குமரு இளைச்சான். நான் நினைச்சேன், சர்க்கரை ஏறினா இளைக்கும்னு சொல்வாங்களே, அதுதான்னு. கை நடுங்குதுங்கறான். வேர்க்குதுங்கறான். சர்க்கரை ஏறினா எல்லாம்தான் செய்யும். 'திருட்டுத்தனமாத் தின்னா உடம்பு காட்டிக்குடுத்துடும்டா'ன்னேன். அவன் நாயத் தடவிக்குடுத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தான்.

ஒரு நாள் கடையில காயில் சுத்திக்கிட்டே இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். கடை முதலாளி செல்வமணி நல்ல மனுஷன், வாயில சர்க்கரைத் தண்ணிய ஊத்தி, ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினார். நான் ஓடறேன். சட்டையத் திருப்பிப் போட்டிருக்கேன், அதுகூடத் தெரியலை. போய் டாக்டர்கிட்ட சொன்னேன், இவன் ஒளிச்சு வச்சுச் சோறு திங்கறான், அதான் சர்க்கரை ஏறிடுச்சுன்னு. டாக்டர் என்னை ஒரு மாதிரியாப் பார்த்துட்டு, ஏறலை, அடியோட இறங்கிப் போச்சு, சாப்பாடு இல்லாம மாத்திரை போட்டிருக்கார், இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா ஆள் கிடைச்சிருக்க மாட்டார்ன்னு சொன்னார். மறுபடி சோதிச்சுப் பாருங்கன்னேன். மிஷின் தப்பாக் காட்டும், நான் ஆலையில ஈரம் பார்க்கிற மிஷினை எத்தனை தடவை தப்புன்னு நிரூபிச்சிருக்கேன். அவர் கேக்கலை. படிச்சவங்க மிஷினை நம்பற அளவுக்கு மனுஷனை நம்பறதில்லை.

இருங்க, உங்க குட்டி கூடைக்குள்ள சுரண்டுது. துணிய மூடி வைங்க, அடங்கிடும்.

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. தையலு பட்டுக்கோட்டையில இருந்து வந்துடுச்சு, அழுதுக்கிட்டு. செல்வமணியும் ஹார்லிக்ஸ் பாட்டிலோட பார்க்க வந்தார். கூடத்துல எல்லாரும் உட்கார்ந்திருக்கோம். நான் படுக்கையத் தட்டிப் போடலாம்னு உள்ள போறேன். பார்த்தா, விரிப்பு மேல மறுபடியும் பருக்கை. ஆஸ்பத்திரியில கிடந்து செத்துப் பிழைச்சு வந்தவன், வந்ததும் வராததுமா. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு தட்டுல பொறுக்கி எடுத்துக்கிட்டு வந்து எல்லார் எதிர்லயும் அவன் முன்னாடி வச்சேன்.

"இதுக்கு என்னடா சொல்ற?"

அவன் தட்டைப் பார்த்தான். "நான் சாப்பிடலண்ணே."

"அம்மா படத்து மேல சத்தியம் பண்ணு."

தையலு, "விடுண்ணா, உடம்பு சரியில்லாதவன்"னுச்சு. நான் விடலை. அவன் எழுந்திரிச்சான். எழுந்திரிக்கவே முடியலை, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுப் போய் அம்மா படத்து மேல கைய வச்சு, "நான் சாப்பிடலை"ன்னான். தட்டுல பருக்கை இருக்கு. இந்தக் கண்ணு பார்க்குது. நான் என்ன சொல்ல முடியும்?

"பொய்ச் சத்தியம் பண்ணவும் துணிஞ்சுட்ட"ன்னேன்.

செல்வமணி பாட்டிலை வச்சுட்டுச் சொல்லாமயே போயிட்டார். குமரு உள்ள போய்ப் பையில ரெண்டு சட்டைய எடுத்து வச்சான். சத்தம் போட்டிருந்தா நானும் பதிலுக்குப் போட்டு, அன்னைக்கோட சரியாப் போயிருக்கும். சத்தமே போடலை. தையலுகிட்ட மட்டும், 'நான் உன்கூட வரட்டுமாக்கா'ன்னு கேட்டான். அவ்வளவுதான். சாயங்கால பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. தையலு வீட்டுல மக பிரசவத்துக்கு வந்து பச்சைக்குழந்தை இருந்துச்சு, நாயக் கொண்டுபோக முடியாது. போறப்ப குமரு இதுக்குப் பக்கத்துல மண்டி போட்டு உட்கார்ந்து காதுல என்னமோ சொன்னான். என்கிட்ட, 'அதுக்கு வேளைக்குச் சோறு போட்டுடுண்ணே'ன்னான். ஆட்டோ முக்கு திரும்பற வரைக்கும் இது பின்னாடியே ஓடிச்சு. நான்தான் போய்ப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

அவன் போனதும் நான் அவன் ரூமை அலசிக் கழுவி, மெத்தைய வெயில்ல போட்டு, கதவைச் சாத்திட்டேன். மெத்தையில ஒண்ணும் இல்லை. பார்த்தீங்களா, ஆள் போனான், பருக்கையும் போச்சுன்னு தையலுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அது போனை வச்சிடுச்சு.

இந்த நாயி ரெண்டு நாள் அந்தக் கதவண்டையே கிடந்துச்சு. அப்புறம் என் கட்டில்கிட்ட வந்து நின்னுச்சு. போன்னேன். போகலை. ஏறிப் படுத்துக்கிச்சு. என்ன பண்றது, வாயில்லாத ஜீவன். கட்டிலும் பெரிசு, என் பொண்டாட்டி இருந்தப்ப வாங்கினது. கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

கொஞ்ச நாள்ல என் போர்வையில பருக்கை.

நீங்க சிரிக்கிறீங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் என்ன நினைச்சேன் தெரியுமா? குமருகிட்ட ஒரு சாவி இருக்கு, நான் மார்க்கெட்டுக்குப் போற நேரம் பார்த்து வந்து, வேணும்னே என் படுக்கையில போட்டுட்டுப் போறான்னு நினைச்சேன். பூட்டை மாத்தினேன். தையலுக்குப் போன் போட்டு, அவன் அங்கதான் இருக்கானான்னேன். இதோ தொட்டில் ஆட்டிக்கிட்டிருக்கான், பேசறியான்னுச்சு. வேண்டாம்னுட்டேன். புதுப் பூட்டுப் போட்டும் விழுது. வீட்டுல நான் ஒருத்தன். என் தட்டுச் சோத்துல ஒரு பருக்கை கீழ சிந்தாது. அப்ப யாரு? எனக்குப் பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. தூக்கத்துல நானே எழுந்து போய்த் திங்கறேனோன்னுகூட நினைச்சேன்.

ஒரு நாள் காலையில கண்ணாடியப் போட்டுக்கிட்டு, ஒண்ணை எடுத்து உள்ளங்கையில வச்சு, ஜன்னல்கிட்ட போய் வெளிச்சத்துல பார்த்தேன். நெளியுது. சுருங்கி நீளுது, சுருங்கி நீளுது. உதறிட்டேன். அப்பவும் என் புத்தி பாருங்க, அரிசி புழுத்துப் போச்சுன்னுதான் போச்சு. இருக்கற அரிசியெல்லாம் கொட்டிச் சலிச்சேன். ஒரு பூச்சி இல்லை. திரும்பி வர்றேன், இது கட்டில்ல முதுகைக் காட்டிப் படுத்திருக்கு, வாலுக்கடியில இருந்து ஒண்ணு மெதுவா வெளியில வந்து, முடியில ஒட்டிக்கிட்டு, விரிப்புல விழுது. என் கண்ணு முன்னால.

அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன்.

அன்னைக்குத்தான் முதமுதலா இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டாக்டரம்மா சின்னப் பொண்ணு, பார்த்ததும் சொல்லிடுச்சு, நாடாப்புழுன்னு. உள்ள குடல்ல நாடா மாதிரி நீளமா இருக்குமாம். அதோட நுனி கண்ணி கண்ணியா அறுந்து பின்வழியா வெளிய வருமாம். ஈரமா இருக்கறப்ப நெளியும், காஞ்சா அசல் பருக்கைதானாம். நாய் தரையில தேய்ச்சுக்கிட்டுப் போனதும் அந்த அரிப்புலதான். இது எப்படி வந்துச்சுன்னேன். தெள்ளுப்பூச்சியாலன்னு சொன்னாங்க. தெள்ளுக்குள்ள இந்தப் புழு சின்னதா இருக்குமாம், நாய் அரிப்புல உடம்பைக் கடிக்கறப்ப தெள்ளை முழுங்கிடுமாம். எத்தனை நாளா விழுதுன்னு கேட்டாங்க. பொங்கலுக்கு முன்னாடியே இருந்துன்னேன். இத்தனை நாளா யாரும் பார்க்கலையான்னாங்க. பார்த்தோம்மா, சோறுன்னு நினைச்சோம்னேன். ஊசி போடற ஆளு திரும்பி நின்னு சிரிக்கிறான். நான் ஆலையில எப்படி இருந்தவன்னு அவனுக்குத் தெரியாது.

மாத்திரை குடுத்தாங்க. தெள்ளுக்கு ஒரு சொட்டு மருந்து, பிடரியில முடிய விலக்கி விடணும். புழுவை மட்டும் கொன்னாப் பத்தாது, தெள்ளு இருக்கற வரைக்கும் மறுபடி மறுபடி வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

மறுநாளே பட்டுக்கோட்டை பஸ்ஸுல ஏறிட்டேன். விஷயம் தெரிஞ்சப்புறம் ஒரு நாள் தாமதிச்சேனா? இல்லை. டாக்டரம்மாகிட்ட கேட்டு, ஒரு சின்ன பாட்டில்ல அந்தப் பருக்கைய... அந்தப் புழுவைப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். பஸ்ஸுல நெரிசல், நின்னுக்கிட்டே போனேன். கைப்பிடிய ஒரு கையால பிடிச்சு, இன்னொரு கையால சட்டைப்பைய மூடிக்கிட்டு.

தையலு வீட்டுக் கூடத்துல குமரு குழந்தைய மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு தேறியிருந்துச்சு. தையலு அளவாச் சோறே போடுதாம், டாக்டரைக் கேட்டுத்தானாம். நான் பாட்டிலை அவன் முன்னாடி வச்சேன்.

"பருக்கை இல்லடா. ஜாங்கிரி வயித்துல இருந்து வந்த நாடாப்புழு."

அவன் எடுத்துப் பார்த்தான்.  "ஜாங்கிரிக்கு வலிக்குதாண்ணே?"ன்னு கேட்டான். அதைத்தான் முதல்ல கேட்டான். வலி இல்லை, அரிப்புதான், மாத்திரை குடுத்தாச்சுன்னேன். தலைய ஆட்டிக்கிட்டான்.

சரி, முடிஞ்சுதில்ல. உன் மேல தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு. கிளம்பு, சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடலாம்னேன். நியாயமாத்தானே பேசினேன்? என் தங்கச்சி வீட்டுக்காரர் இருக்கார், தையலு இருக்கு, எல்லார் எதிர்லயும் உன் மேல தப்பு இல்லைன்னு சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒரு அண்ணன் என்ன செய்வான்?

அவன் குழந்தைய மெதுவாத் தூக்கித் தொட்டில்ல விட்டான். அப்புறம் சொன்னான், "புழுன்னு தெரிஞ்சதும் வந்துட்ட. தெரியாமயே இருந்திருந்தா வந்திருப்பியாண்ணே?"

இது என்னம்மா கேள்வி? தெரியலைன்னா எப்படி வர்றது? அதையேதான் சொன்னேன். "தெரியலைன்னா எப்படிடா வர்றது"ன்னு கேட்டேன். நான் பொய் சொல்ல மாட்டேன், உள்ளதைச் சொன்னேன். அவன் லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "சரிண்ணே, சாப்பிட்டுட்டுப் போ"ன்னுட்டுத் தொட்டில் கயித்தைப் பிடிச்சுக்கிட்டான். தையலு என்னைப் பார்க்கவே இல்லை, உள்ள போயிடுச்சு. நான் சாப்பிடலை. கடைத்தெருவுல ஒரு டீயக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்.

நான் என்ன தப்பாப் பேசிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. வழி நெடுக யோசிச்சேன். இப்பவும் யோசிக்கிறேன். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது தப்பா?

இப்ப அவனுக்குப் பட்டுக்கோட்டையிலேயே காயில் கட்டற வேலை கிடைச்சிடுச்சு. தனியா ஒரு ரூமு, பின்னால கொஞ்சம் இடத்தோட. ஞாயித்துக்கிழமை ஆனாப் போன் பண்றான். நான் எடுத்ததும், 'ஜாங்கிரி எப்படி இருக்குண்ணே'ம்பான். என்ன சாப்பிடுது, வெளிய போகுதா, இன்னும் விழுதா, இதுதான் பேச்சு. நீ எப்படி இருக்கன்னு ஒரு பேச்சு கிடையாது. முழங்கால் வலியில நான் கிணத்தடிக்குப் போகவே கஷ்டப்படறேன், அது அவனுக்குத் தெரியுமா? நாய்க்குப் புழு போச்சான்னு கேக்கறான். டாக்டரம்மா முழுசாச் சரியாயிடுச்சுன்னு சொன்ன உடனே வந்து கூட்டிக்கிட்டுப் போறேங்கறான். ரூமுல படுக்க இடமெல்லாம் தயார் பண்ணி வச்சிருக்கானாம். பச்சைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு அடிக்கடி போக வர இருப்பானாம், அதனால சுத்தமாச் சரியாகணுமாம்.

'இன்னும் விழுதுடா'ன்னு சொல்லியிருக்கேன்.

விழுதும்மா. போன தடவை மாத்திரை குடுத்தப்புறம் கொஞ்ச நாள் இல்லாம இருந்து, திரும்ப விழுந்துச்சு. டாக்டரம்மா கோவிச்சுக்கிட்டாங்க. சொட்டு மருந்து விட்டீங்களான்னாங்க. அது என்னன்னா, வாங்கி வச்சிருக்கேன். அலமாரியிலதான் இருக்கு. அன்னைக்கு மழையா இருந்துச்சு, நனைஞ்ச உடம்புல விடக்கூடாதாமே. அப்புறம் இது நக்கிட்டா என்ன ஆகும்னு ஒரு யோசனை. அப்புறம் வெள்ளிக்கிழமை. அப்படியே தள்ளிப் போயிடுச்சு. என் போர்வையெல்லாம் வெந்நியில போட்டு அலசணும்னும் சொன்னாங்க, செய்யத்தான் போறேன். வீட்டைத் துடைக்கிறதுல என்னை யாரும் மிஞ்ச முடியாது. ஆனா முழங்கால் இப்படி இருக்கறப்ப எல்லாத்தையும் ஒரே நாள்ல செஞ்சுட முடியுமா?

இதுக்குச் சோறுகூடக் குழைய வடிச்சுப் போடறேன், கறிக்கடையில ஈரல் வாங்கி வேக வச்சு. பச்சரிசி. இதுக்குன்னே வாங்கறேன், இப்பல்லாம் புழுங்கல் திங்க மாட்டேங்குது. அவன் அங்க என்னத்தைப் போடுவான்? காலையில கடைக்குப் போனா சாயங்காலம்தான் வருவான். இது தனியாக் கிடக்கணும். அதெல்லாம் அவன் யோசிக்கலை. எதையும் முன்னபின்ன யோசிக்கவே மாட்டான், சின்ன வயசுலேருந்தே.

கூப்பிடறாங்களே, ஜாங்கிரின்னு. எல்லாரும் திரும்பிப் பார்க்கறாங்க பாருங்க. நீங்க முதல்ல போங்கம்மா. குட்டிக்கு வயிறு உப்பிக் கிடக்கு, பாவம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை, நான் அடுத்து வர்றேன்னு நானே சொல்லிக்கறேன்.

போறதுக்கு முன்னாடி ஒரு உதவி. எனக்குக் கண்ணாடி போட்டும் இப்பல்லாம் சரியாத் தெரியறதில்லை. இதோட வாலை நான் தூக்கிப் பிடிச்சுக்கறேன். கூச்சப்படாம ஒரு பார்வை பாருங்க. முடியில வெள்ளையா, பருக்கை மாதிரி, ஏதாவது ஒட்டிக்கிட்டிருக்கா?

இல்லையா?

இந்தப் பக்கம் வெளிச்சத்துல வந்து நல்லாப் பாருங்கம்மா. ஒண்ணுகூடவா இல்லை?